விருந்தும் புதுமையும்

பழந்தமிழில் ‘விருந்து’ என்னும் சொல் புதுமையைக் குறித்தது. புதிதாய் வந்தோரையும் அவர்க்கு இடும் உணவையும் பின்னர்க் குறிக்கலாயிற்று. சிங்கப்பூரின் சொகுசு ஹோட்டல்கள் பெருந்தொற்றிலிருந்து மீண்டதை இச்சொல்லின் துணைகொண்டு நோக்குவோம்.

2019இல் இங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 19.1 மில்லியன், 2021இல் ஏறத்தாழ 330,000 மட்டுமே. எல்லைகள் மூடப்பட்டபோது, சில ஹோட்டல்கள் நாடு திரும்பியோர் தனித்திருக்கும் இடங்களாயின. வேறு சில உள்ளூர்க் குடும்பங்களை விடுமுறைத் தங்கலுக்கு அழைத்தன. 2020 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் பயன்படுத்துமாறு அரசு வழங்கிய 100 வெள்ளி பற்றுச்சீட்டுகள் அதற்குத் துணைநின்றன. வெளிநாட்டவரைப் பெரிதும் நம்பியிருந்த மாளிகைகளில் நம்மவரே புதியவராய், விருந்தினராய் நுழைந்தனர்.

2023இல் பயணிகள் 13.6 மில்லியனாக உயர்ந்தனர். கூட்டம் திரும்பியபின், இடர்க்காலத்தில் கைகொடுத்த உள்ளூராரை ஹோட்டல்கள் மறந்துவிடலாகாது. அறைச்சாவியை இயந்திரம் தரலாம். முகமலர்ந்து வரவேற்க மனிதரே வேண்டும். இத்துறைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு நாம் முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே: வருவோர் எவராயினும் அவர் நமக்குப் புதியவர், ஆகவே விருந்தினர்.