சோம்பல் அல்ல, நோய்!

(இளைஞர் அணியின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இரவெல்லாம் உறங்கியும் பஜ்ருக்கு எழ முடியாதவர்கள், கடை திறந்து இரண்டு மணி நேரத்தில் உடம்பை அடித்துப் போட்டது போல் சாய்ந்துவிடுபவர்கள் எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்கு என்ன பெயர் வைக்கிறோம்? இளைஞன் என்றால் சோம்பேறி. மருமகள் என்றால் வேலைக்கள்ளி. கண்ணேறு என்று ஓதிப் பார்க்கிறோம். டானிக் வாங்கிக் கொடுக்கிறோம். இரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை!

இரத்தசோகை, சர்க்கரை நோய், தூக்கக் குறைவு, மனச்சோர்வு எனச் சோர்வுக்குக் காரணங்கள் பல. வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் இவற்றோடு சேர்த்து ஹார்மோன்களையும் பார்த்தாக வேண்டும்.

கழுத்தில் ஒரு சுரப்பி

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு. உடலின் ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை இதன் தைராக்ஸின் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மறதி, மாதவிலக்குக் கோளாறு ஆகியவை மெல்ல மெல்ல வரும். மெல்ல வருவதால்தான் அதை வயதின் மீதும் குணத்தின் மீதும் போடுகிறோம்.

சென்னை உள்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு இக்குறை இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கருவுற்ற பெண்ணுக்கு இக்குறை கடுமையாக இருந்து கவனிக்காமல் விட்டால், குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

கண்டுபிடிக்க டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை போதும். மருந்து, தினமும் ஒரு சிறு மாத்திரை. ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். இம்மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாட்கள் ஆகும். அதனால் நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாது. 'மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்' என்று நினைக்கும்போதே நோய் திரும்பிக்கொண்டிருக்கும்!

பிரசவத்துக்குப் பின்

பிரசவத்தில் கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்ட சில பெண்களுக்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாகிவிடும். தாய்ப்பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, சோர்வு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் சரியாக இருப்பது போலவே காட்டும்! தைராக்ஸின், கார்டிசால் அளவுகளையும் பார்க்க வேண்டும். ஆகவே தாய்மார்களே, பிரசவத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். பிறகு மாத்திரையைத் திடீரென விட்டால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல் ஏற்படும், உயிரே போகலாம். காசநோயாலும் இச்சுரப்பி கெடுவதுண்டு. காரணமில்லாமல் எடை குறைந்து, தோல் கறுத்து, உப்பின் மீது ஆசை வந்தால் அலட்சியம் வேண்டாம்.

ரமளானில் என்ன செய்வது?

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உணவு உண்ண வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. நோன்பு காலத்தில், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சாப்பிடலாம். நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; ஒரு மாதம் முழுக்க மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அட்ரீனல் குறை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது ஈமானின் குறையல்ல.

சகோதரர்களே! மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் 'தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாளாமே' என்று பின்வாங்குகிறோம். அந்தப் பயத்தால் தாய்மார்கள் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். பிள்ளைகள் நோயை மறைத்து வளர்கிறார்கள். இந்த வழக்கத்தை ஒழிக்க முன்வர வேண்டியவர்கள் இளைஞர்களாகிய நீங்கள்தான். ஜமாஅத்துகள் நடத்தும் முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து அனுப்பிவிடுகிறோம். இனி நெடுநாள் சோர்வு உள்ளவர்களைத் தனியே பிரித்து, டி.எஸ்.எச். பரிசோதனை செய்து, முடிவோடு மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை வீட்டில் ஒருவர் 'முடியவில்லை' என்றால் ஏசுவதற்கு முன் அழைத்துச் செல்லுங்கள்.