தோட்டத்து ஏடுகளை அழிய விடலாமா?

(ராகலையில் தோட்டத் தொழிலாளரும் காய்கறிச் செய்கையாளரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமோ பழைய காகிதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் இம்மலைநாட்டின் சரித்திரத்தில், ஏடு கையில் இல்லாத காரணத்தால் சோற்றையும் நாட்டையும் சேர்த்து இழந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1-ஆம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இத்தீவில் இடைவிடாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. எதைக் கொண்டு நிரூபிப்பது? தேயிலைச் செடி சாட்சி சொல்லுமா? லயத்துச் சுவர் சாட்சி சொல்லுமா? தோட்டத்து ஆபிஸில் இருந்த செக்ரோல்தான் சாட்சி. விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேர். ஏனையோர் தோற்றதற்குக் காரணம் பல உண்டு. சட்டத்தை எழுதியவர் மனமும் அதில் ஒன்று. ஆயினும் தக்க பத்திரம் காட்ட முடியாமற் போனதும் பெருங் காரணமே.

செக்ரோல் என்பது என்ன? பெரட்டுக்களத்தில் ஆள் நின்றால் பேர் விழும். வேலை குறைந்தது என்று கணக்கப்பிள்ளை கருதினால் அரைப் பேர் விழும். நம் பாட்டிமார் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அந்த ஏட்டில் ஒரு கோடாக நிற்கிறது. அவர்களைப் பற்றி வேறு எவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. செக்ரோலோடு தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவு, பெரிய கங்காணியின் கடன் கணக்கு, 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு, தோட்டத்தின் எல்லை காட்டும் நில அளவைப் படம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இவைதாம் நம் இனத்தின் சாசனங்கள்.

மொரிசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருக்குப் பேரும் ஊரும் எழுதிய அரசாங்கப் பதிவேடு உண்டு. அவ்வேடுகளை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையம் காத்து வருகிறது. 2015-இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம் பெற்றன. இலங்கைக்கு நாம் வந்த வழி வேறு. கங்காணியின் பின்னால், மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் இல்லை. ஆகவே தோட்டத்து ஏடு அழிந்தால் பலருக்கு வேறு ஏடே இல்லை. மற்ற நாட்டுத் தமிழரைவிட நமக்கு இக்காகிதம் இரு மடங்கு பெறுமதி உடையது.

வெள்ளைக்காரக் கம்பனிகள் தம் காகிதத்தை எப்படிப் போற்றுகின்றன என்று பாருங்கள். ஸ்கொத்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் உலகப் புகழ் பெற்ற கப்பல்களைக் கட்டிய கம்பனிகள் பல மூடப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றின் ஏடுகள் மூடப்படவில்லை. அவற்றுள் பல கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. தேயிலை வியாபாரத்தில் கொழித்த ஜேம்ஸ் பின்லே கம்பனியின் ஏடுகளும் அதே காப்பகத்தில்தான் இருக்கின்றன. ஹரிசன்ஸ் அன்ட் குறொஸ்ஃபீல்ட் கம்பனியின் ஏடுகள் லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இலாபம் எவ்வளவு என்று எழுதிய ஏடு அங்கே பத்திரமாக இருக்கிறது. அந்த இலாபத்தை யார் உழைத்துக் கொடுத்தார் என்று எழுதிய ஏடு எங்கே இருக்கிறது?

1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992-இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. துரை மாறினார், பலகை மாறியது, முத்திரை மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் ஏடுகளை எண்ணி ஒப்படைத்தார்களா? நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சிறு இரயில் வந்தது. 1940-களில் அது மறைந்தது. இன்று அதன் தடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரும்புப் பாதைக்கே இந்தக் கதியென்றால் காகிதம் எம்மாத்திரம்?

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதே, இனி ஏடு எதற்கு என்று படித்த நண்பர் சிலர் கேட்கிறார்கள். அச்சட்டமும் 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தவர், அவர் வழிவந்தவர் என்றுதான் பேசுகிறது. அதற்கும் சான்று வேண்டும். அது நிற்க, ஊழியர் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் சேவைக் காலம் நிரூபிக்கப்பட வேண்டும். செக்ரோலில் ஒரு பேரும் அடையாள அட்டையில் வேறு பேருமாக இருப்பவர், இருவரும் ஒருவரே என்று காட்டப் பழைய ஏட்டைத்தான் தேட வேண்டும். காணியுரிமை கேட்கும் நாள் வரும்போது, இந்தத் துண்டு நிலத்தில் மூன்று தலைமுறையாகக் கரட்டும் லீக்ஸும் பயிரிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது.

சட்டத்தின் ஒரு நுட்பத்தையும் சொல்லி வைக்கிறோம். நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, 30 ஆண்டு பழமையான பத்திரம் உரிய காவலிலிருந்து வந்தால், அதை உண்மையானதென நீதிமன்றம் அனுமானிக்கலாம். ‘உரிய காவல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபிஸ் அலுமாரியில் இருக்கும் ஏட்டுக்கு அந்தப் பலம் உண்டு. பழைய காகிதக் கடையில் நிறுத்து விற்றபின் மீட்ட ஏட்டுக்கு அந்தப் பலத்தை எப்படிக் கோருவது?

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகார சபைகள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017-இல். ஆகவே அந்தப் பத்தாண்டுக் கணக்கு 2027-உடன் முடிகிறது. அரசு கையிலுள்ள தோட்டங்களுக்கே இந்த நிலை. தனியார் கம்பனிகளின் ஏட்டுக்கு இச்சட்டத்தின் நிழலும் பெரும்பாலும் எட்டாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர்மாரும் ஆசிரியரும் சேர்ந்து துரையைக் கண்டு, என்னென்ன ஏடுகள் உள்ளன என்று பட்டியல் கேட்க வேண்டும். எதையும் எரிக்கவோ விற்கவோ கூடாதென எழுத்தில் கோர வேண்டும். இரண்டாவது, 1973-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் தேசிய சுவடிகள் திணைக்களம் இவ்வேடுகளைப் பொறுப்பேற்க வேண்டும். பிரதிகள் பேராதனை நூலகம் போல் நம் பிள்ளைகள் எளிதில் சென்றடையக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் பிறப்புச் சீட்டு, பழைய கடவுச்சீட்டு, சம்பளத் துண்டு எதையும் எறியாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இடமில்லை, செலவாகும் என்று கம்பனிகள் சொல்லக்கூடும். நியாயமான செலவென்றால் அரசும் சங்கங்களும் பங்கேற்கட்டும். பிறர் நோய், கடன் பற்றிய அந்தரங்கங்கள் ஏட்டில் உண்டே என்றால், அவற்றைக் காட்டுவதற்கு விதி வகுக்கட்டும். காப்பதற்குத் தடை சொல்ல அது காரணமாகாது.

கடனும் அரைப் பேரும் எழுதிய அவமான ஏட்டை ஏன் காப்பது என்று கேட்கும் இளைஞருக்கு ஒன்று சொல்வோம். தம்பி, அந்த அவமானம் நம்முடையதன்று, எழுதியவருடையது. அதற்குச் சாட்சி அந்த ஏடுதான்.

இத்தீர்மானத்தை இக்கூட்டம் ஏகமனதாக நிறைவேற்றித் தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.