விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு ஓர் ஊசி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளில் எங்கள் பாடசாலை விடுதியில் ஒருத்திக்குக் கூகைக்கட்டு வந்தால், மூன்று கிழமைக்குள் அந்த வரிசைக் கட்டில்களில் பாதிப்பேருக்குக் கன்னம் வீங்கிவிடும். பரீட்சை தப்பியது என்று சந்தோஷப்பட்டதும் உண்டு. எங்கள் பிள்ளைகள் இன்று போய்ச் சேரும் பல்கலைக்கழக விடுதிகளில் வரக்கூடிய ஒரு நோய் அப்படிச் சிரித்துப் பேசக்கூடியதல்ல.

மெனிஞ்சைற்றிஸ் என்பது மூளையையும் முண்ணாணையும் மூடியிருக்கும் சவ்வுகளின் அழற்சி. பல கிருமிகளால் வரும். மாணவர் விடயத்தில் நாங்கள் அஞ்சுவது மெனிங்கோகொக்கஸ் என்ற பற்றீரியாவுக்கு. பலருடைய தொண்டையில் அது தீங்கின்றி இருக்கும். 1997 ஒக்டோபரில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துப் புதிய மாணவரைச் சோதித்தபோது, முதல் நாள் நூற்றுக்கு 7 பேரிடம் இருந்தது. நான்காம் நாள் 23 பேரிடம். இருமல், நெருக்கமான அறை, முத்தம் (முன்வரிசை ஆசிரியைகள் மன்னிக்க வேண்டும்). மிகச் சிலருக்குத்தான் அது இரத்தத்துள் இறங்கும். இறங்கினால், சிகிச்சை பெற்றும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் மகள் இங்கிலாந்தில் முதலாம் தவணையில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். தாய் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். அந்தக் குழுவில் வைத்தியர்கள் மூவர் இருக்கிறோம். "பனடோலைப் போட்டுப் படுக்கச் சொல்லு" என்று எழுதியதும் நாங்கள்தான். இரண்டு மணித்தியாலம் கழித்து, "கால் சரியா நோகுதாம், கையும் காலும் ஐஸ் மாதிரி இருக்காம்" என்று வந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அறைத்தோழி அம்புலன்சை அழைத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ஒரு காது கேட்பதில்லை.

கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, மாறாட்டம் என்பவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள். கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் எங்கள் தோல் நிறத்தில் இலகுவில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்மடலின் உட்புறம், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். புள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிலருக்கு வருவதேயில்லை.

இலங்கையின் தேசிய தடுப்பூசி அட்டவணையில் இதற்கான ஊசி இல்லை. இங்கிலாந்தில் ஏ, சி, டபிள்யூ, வை வகைகளுக்கான ஊசி 25 வயதுக்குட்பட்ட புதிய மாணவருக்கு, வெளிநாட்டிலிருந்து போனவருக்கும், இலவசம். இரண்டு கிழமை முன்னதாகப் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போவது நல்லது. பி வகைக்கு வேறு ஊசி. அதைப் பெரும்பாலும் காசு கொடுத்தே போட வேண்டும். 2013இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பரவியது அந்த வகைதான்.

தோழியின் மகளுக்கும் ஊசிக்கான கடிதம் வந்திருந்தது. "கிறிஸ்மஸ் லீவில போடுவம்" என்று மேசையில் வைத்திருந்தாளாம்.

இடைவேளையில் தேநீர் மேசையருகே நிற்போம். இந்த வருடம் பிள்ளையை அனுப்புகிறவர்கள், தடுப்பூசி அட்டையின் படம் கைத்தொலைபேசியில் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்.