தப்பு யார் மேல? தண்டம் யாருக்கு?

நடுவர் அவர்களே! "சாலையில் நம்மைக் காப்பது காப்பீடுதான்" என்றார் எதிரணி நண்பர். நீங்களும் கைதட்டினீங்க. கொஞ்சம் பொறுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் விடுற நேரத்துல போய்ப் பாருங்க. கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, நடுவுல நம்ம கார். சிவனேன்னு நிக்கிற காரைப் பின்னால வந்தவர் இடிக்கிறார். தப்பு யார் மேல? குழந்தைகூடச் சொல்லும்!

ஆனா, உங்க பாலிசியில் பழுதுக்குப் பணம் வாங்கினா 'நோ கிளெய்ம் போனஸ்' போச்சு! முதல் வருஷம் 20 சதவீதம், ஐந்தாம் வருஷம் 50 சதவீதம் என்று வளர்ந்த தள்ளுபடி அது. தப்பு யாருதுன்னு கேட்காது. பணம் வாங்கினாயா என்றுதான் கேட்கும்.

கணக்குப் போடுவோம். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய்னு வைங்க. பாதித் தள்ளுபடி போக 5,000 கட்டுறீங்க. பணம் வாங்கினபிறகு 10,000, 8,000, 7,500, 6,500, 5,500! பழைய இடத்துக்கு வர்றதுக்குள்ள 12,500 கூடுதல். எதுக்கு? 3,000 ரூபாய் நசுங்கலுக்கு!

இடிச்சவருக்கு? மூன்றாம் நபர் பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. அவர் இடிச்சதால அது ஏறாது. தன் வண்டிக்குப் பணம் கேட்காதவரை அவர் போனஸும் பத்திரம்!

ஆளுக்கு அடிபட்டா மட்டும் ரோட்டோரப் பேரம் வேண்டாம். போலீசில் பதிவு செய்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போங்க. தப்பை எடைபோடுவது அங்கேதான். இடித்த வண்டியின் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கும். உங்க போனஸும் போகாது.

பின்னால வந்தவர் பத்தடி இடைவெளி விட்டிருந்தா இவ்வளவும் உண்டா? காப்பீடு காரைச் சரிபண்ணும்; நிதானம்தான் வீடு சேர்க்கும்!