தூளியும் தாலாட்டும்

குழந்தையை உறங்க வைக்கும் பணியில் தமிழ் வீடுகள் நெடுங்காலமாக இரண்டு துணைகளை நம்பி வந்துள்ளன. ஒன்று, உடுத்தி உடுத்தி மென்மையான பருத்திச் சேலையை உத்திரத்தில் கட்டித் தொங்கவிடும் தூளி. யாழ்ப்பாணத்தார் இதனை ஏணை என்பர். மற்றொன்று, அதனை ஆட்டியபடி பாடும் தாலாட்டு. பாட்டை இலக்கியமாகவும் தூளியை வெறும் வீட்டுப் பொருளாகவும் பிரித்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. எனினும், பாட்டின் நடையை வகுப்பதே தூளிதான் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மதிப்பிடுவது அரைகுறை மதிப்பீடாகவே முடியும்.

இயற்பியல் நோக்கில் தூளி ஓர் ஊசல், அதாவது மேலே ஓரிடத்தில் பிணைக்கப்பட்டு முன்னும் பின்னும் ஆடும் பொருள். ஊசல் ஒருமுறை சென்று திரும்பும் நேரம் அது தொங்கும் நீளத்தைப் பொறுத்ததே தவிர, வீச்சு சிறிதாக இருக்கும்வரை, குழந்தையின் எடையையோ தள்ளும் வேகத்தையோ பொறுத்ததன்று. 2 மீட்டர் நீளத்தில் தொங்கும் தூளி, ஆட்டுபவர் அவசரக்காரரானாலும் நிதானக்காரரானாலும், ஏறக்குறைய 3 விநாடிக்கு ஒருமுறை போய் வரும். ஆகவே தாலாட்டின் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டு நடக்கும் வேகத்தை, பாடுபவரின் விருப்பத்தைவிட வீட்டு உத்திரத்தின் உயரமே பெரிதும் முடிவு செய்கிறது எனலாம். தூளியில் கட்டிய கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்தபடியே பாடும் பெண்ணுக்கும் தாளம் பிசகாததன் காரணம் இதுவே.

உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு இந்தச் சீரான அசைவை உணர்ந்து குழந்தையை அமைதிப்படுத்துகிறது; கருவிலேயே கேட்டுப் பழகிய தாயின் குரலைப் பிறந்த சில நாள் குழந்தையும் பிரித்தறியும் என்பதும் சோதனைகளில் தெளிவாகியுள்ளது. குழந்தைக்கு வேண்டியவை அசைவும் குரலும் மட்டுமே என்றால், அத்தனை சொற்களும் யாருக்காக என்ற கேள்வி எழுவது இயல்பு. அழும் குழந்தையை அடித்தவர் யார் என்று விசாரிக்கும் பாட்டு தமிழகமெங்கும் உண்டு. அதில் பாட்டி, மாமி, அத்தை என்று வீட்டார் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். அடித்த கோலோ பூச்செண்டாக மென்மை பெற்றுவிடுகிறது. அத்தை என்பவள் பாடுகிறவளுக்கு நாத்தனார் என்பதையும், அவள் அடுத்த அறையிலேயே இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொண்டால், தூங்காத செவிகளுக்காகவே இந்த விசாரணை நடக்கிறது என்பது விளங்கும். தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை நீட்டி முழக்குவதும் அவ்வாறே, புகுந்த வீட்டில் பிறந்த வீட்டின் பெருமையை நாட்டும் முயற்சியாகும்.

தாலாட்டு பாடுபவளுக்கும் உரியது என்பதைப் பக்திக் கவிஞர்கள் நன்கு அறிந்திருந்தனர். பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைத் தாலாட்ட, குலசேகராழ்வாரோ இராமனைத் தாலாட்டியதோடு நில்லாமல், கண்ணனைப் பெற்றும் தாலாட்டும் பேறு வாய்க்காத தேவகியின் புலம்பலையும் பாடினார். இரண்டில் புலம்பலே உயர்ந்தது. பிற்காலப் பிள்ளைத்தமிழ், அதாவது தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பத்துப் பருவங்களில் பாடும் சிற்றிலக்கியம், தால் பருவத்தை மூன்றாவதாக வைத்தது. ஆனால் அதன் செறிந்த சந்தங்களைக் கேட்டால், தூங்கிய குழந்தையும் விழித்துக்கொள்ளும்.

வாய்மொழித் தாலாட்டின் சிறந்த பகுதி ஏட்டில் ஏறாத பகுதியே. குழந்தையின் இமை கனக்கத் தொடங்கியதும் பாடுபவர் முதலில் கதையை விடுகிறார், பின் உறவுப் பெயர்களை விடுகிறார், ஆராரோ என்னும் நெடில் ஓசை மட்டும் எஞ்சி, அதுவும் வாய்மூடிய முனகலாகிறது; தூளியின் வீச்சு குறைந்தாலும் கால அளவு மாறுவதில்லை. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற தொகுப்புகள் சொற்களைக் காத்துத் தந்த நன்றிக்குரியவை. அச்சுக்கு இந்தத் தேய்வு அகப்படாதது அவற்றின் குற்றமன்று. மாமனின் பெருமையை மறவாத 'பாசமலர்' (1961) திரைப்படத் தாலாட்டு அருமையான பாட்டுதான், எனினும் குழந்தை தூங்கியதோ இல்லையோ அது தன் நேரத்தில் முடிந்துவிடும். கைப்பேசியில் ஒலிக்கும் தாலாட்டுக்கும் இதே குறை உண்டு.

தூளிக்கும் குறை இல்லாமல் இல்லை. துணியின் வளைவில் பச்சிளங்குழந்தையின் கழுத்து மடிந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சுப்பாதை குறுகும் என்பதால், சமதளமான உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பானது என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தூளியில் உறங்கிய குழந்தையை அங்கேயே விட்டுவிடலாகாது. தூக்கிக்கொண்டு நடந்தபோது உறங்கிய குழந்தையை உடனே கிடத்தாமல், 5 முதல் 8 நிமிடம் அசையாது மடியில் வைத்திருந்து பின் கிடத்தினால் விழிப்பது குறையும் என்று ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022இல் கண்டறிந்தது. அந்த நிமிடங்களுக்கு முனகல் ஏற்ற துணையாகும்.

வீட்டில் தாலாட்டுப் பாடும் முதியவர் இருப்பின், அவரைத் தனியே உட்காரவைத்துப் பாடச் சொல்லாமல், குழந்தை தூளியில் கிடக்கும்போதே பாட்டைப் பதிவு செய்து, இடையில் வரும் மௌனத்தையும் இறுதி முனகலையும் வெட்டாமல் நேயர்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.