பாண்டவர் வீட்டில் படுத்திருந்தது யார்?



அண்மையில் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்துக்குப் போயிருந்தேன். பாறைக் குன்றின் மேல் ஏராளமான கல்திட்டைகள். நான்கு பக்கமும் கருங்கல் பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையால் மூடிய இரும்புக்கால ஈமச்சின்னங்கள். ஒரு பலகையில் வட்டமாகத் துளை. சிலவற்றைச் சுற்றி, தலைப்பகுதியை வளைவாகச் செதுக்கிய கற்கள் காவல் நிற்பதுபோல் நிற்கின்றன. மூடுகல்லைப் பார்த்தபோது, இதைத் தூக்க எத்தனை தோள் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இது என்னங்கய்யா?" என்றேன்.

"பாண்டவங்க வீடு தம்பி. வனவாசத்துல தங்குனது."

பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று பல ஊர்களில் இதே கதைதான். பாறையைப் பெயர்த்தவர்கள், சுமந்தவர்கள் பெயர் போய்விட்டது. ஒரு கல்லையும் தூக்காத பாரதக் கதை உரிமை கொண்டாடுகிறது. பெரியவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் வேறு கதையை நாமும் சொல்லவில்லையே!

அதற்காக அது சமத்துவப் பொற்காலம் என்று நான் அளக்க மாட்டேன். எல்லாருக்கும் இவ்வளவு பெரிய கல் கிடைத்திருக்காது. ஆனால் அந்தக் கல்லில் வருணம் எழுதியிருக்கவில்லை. மணிமேகலைக்கு வாருங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டில் எரிப்பது, புதைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து முறைகள் வருகின்றன. அங்கேயே நால்வருணத்தை வேறுபடுத்திக் காட்டும் சுடுமண் கோட்டங்களும் நிற்கின்றன. பௌத்தக் காப்பியம் காட்டும் சுடுகாட்டிலேயே வருணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னும் எழுந்திருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, நிலத்தின் வழியே பாதை மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காணொலியைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் காணொலி எடுக்கவில்லை, அவ்வளவுதான். என் தாத்தாவை முழங்கால் சேற்றில் வரப்போரமாகத் தூக்கிப் போனோம். பாடை ஒருபக்கம் சாய்ந்தபோது அப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் குன்றில் இறந்த ஒருவருக்காக எத்தனையோ பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்பது நாலு பேர் பாடை தூக்கி நடக்கும் அகலம்.

சுடுகாட்டுப் பாதை கேட்டு அப்பா கொடுத்த மனுவின் நகல் இதோ இந்தப் பையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மறுபடியும் கொடுக்கிறோம். காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்போம். முடிந்த தோழர்கள் வாருங்கள்.