புள்ளியா, பசியா? ஆர்க்கிட் இலையைப் படிக்கும் முறை

வீட்டு மாடத்திலோ மொட்டை மாடி நிழல்வலைக்குக் கீழோ வளர்க்கப்படும் ஆர்க்கிட் செடியின் இலையில் ஒரு கரும்புள்ளி தோன்றினாலும், இலை மஞ்சளித்தாலும், வளர்ப்போர் முதலில் தேடுவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு மருந்தைத்தான். ஆனால் இலையின் மாற்றம் நோயால் வந்ததா, சத்துக் குறைவால் வந்ததா, வெயிலாலோ தண்ணீராலோ வந்ததா என்று பிரித்தறியாமல் தெளிக்கப்படும் மருந்து, உண்மையான காரணத்தைத் தொடாமலே போவதுடன், நலிந்த செடியை மேலும் நலியச் செய்துவிடுகிறது. மருந்தைத் தேர்வதற்கு முன் இலையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், பெரும்பாலான வேளைகளில் அதற்குப் பொறுமையான கண்ணும் விரலும் போதும் என்பதும் இவ்வுரையின் மையக் கருத்தாகும்.

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் டென்ட்ரோபியம், வாண்டா, ஃபெலனாப்சிஸ் ஆகியவை இயற்கையில் பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றி வாழும் தொற்றுத் தாவரங்கள். அதாவது, மரத்தின் சாற்றை உறிஞ்சாமல் அதை இருப்பிடமாக மட்டும் கொண்டு, பட்டையில் வழியும் மழைநீரிலும் மக்கிய சருகிலும் கிடைக்கும் சிறிதளவு சத்தைக் கொண்டே வளர்பவை. அவற்றின் வேரைச் சுற்றி வெலமென் எனப்படும் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. உலர்ந்திருக்கையில் வெள்ளி நிறமாகவும் நனைந்ததும் பச்சையாகவும் தோன்றும் இவ்வுறை, தண்ணீரை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் பெற்றது என்றாலும், காற்றின்றி எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் வேர் அழுகிவிடும். வேர் அழுகிய செடிக்கு எவ்வளவு உரமிட்டாலும் அது இலையைச் சென்று சேராது. ஆகவே இலை பசியைக் காட்டும்போது முதலில் வேரைத் தொட்டுப் பார்த்து, அது கெட்டியாக உள்ளதா, அல்லது அழுத்தியவுடன் தோல் கழன்று உள்ளிருக்கும் நார் மட்டும் மிஞ்சுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இலையைப் படிப்பதற்கு மூன்று வினாக்கள் துணை செய்யும். மாற்றம் தோன்றியது முதிர்ந்த இலையிலா, இளம் இலையிலா என்பது முதல் வினா. நிறம் இலை முழுவதும் சீராக மாறியுள்ளதா, எல்லை வகுத்த புள்ளியாக உள்ளதா என்பது இரண்டாவது. அந்த மாற்றம் நாளுக்கு நாள் வளர்கிறதா, நின்ற இடத்தில் நிற்கிறதா என்பது மூன்றாவது. புள்ளியின் விளிம்பை ஒட்டி அழியாத மையால் ஒரு மெல்லிய கோடு வரைந்து தேதியைக் குறித்து வைத்தால், இரண்டு மூன்று நாட்களில் இதற்கு விடை கிடைத்துவிடும்.

முதல் வினாவின் பயன் சத்துக் குறைவை அறிவதில் தெளிவாக விளங்கும். தழைச்சத்தாகிய நைட்ரஜன், மணிச்சத்தாகிய பாஸ்பரஸ், சாம்பல் சத்தாகிய பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வரும்போது செடி இவற்றை மூத்த இலைகளிலிருந்து எடுத்துப் புதுத் துளிருக்குக் கொடுப்பதால், குறைபாடு அடியிலைகளிலேயே முதலில் தெரிகிறது. தழைச்சத்து குறைந்தால் அடியிலை முழுவதும் சீராக வெளிறி மஞ்சளாகும்; சாம்பல் சத்து குறைந்தால் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துப் பின் கருகும்; பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஓர் அணுவாக அமர்ந்திருக்கும் மெக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இதற்கு மாறாக, சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் ஓரிடத்தில் சேர்ந்தபின் எளிதில் நகராதவை என்பதால், அவற்றின் குறைபாடு இளம் இலையில் வெளிப்படும். புதுத் துளிரின் நுனி கறுத்துக் காய்வது சுண்ணாம்புச் சத்துக் குறைவையும், புதிய இலை நரம்பைத் தவிர மற்ற இடமெல்லாம் வெளிறுவது இரும்புச் சத்துக் குறைவையும் சுட்டும் அறிகுறிகளாகும். ஃபெலனாப்சிஸ் செடியின் ஒற்றை அடியிலை மட்டும் மெல்ல மஞ்சளாகி உதிர்வதோ, டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகள் இலையுதிர்ப்பதோ குறைபாடு ஆகாது. அது முதுமையின் இயல்பான நிகழ்வு.

சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாத நிலையும் உண்டு. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மையும் உப்பும் மிகுந்ததாக இருக்கிறது. நீரின் கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை இருப்பதே ஆர்க்கிட்டுக்கு உகந்தது. காரம் கூடினால் இரும்பு கரையாத நிலைக்கு மாறிவிடுவதால், தொட்டியில் இரும்பு இருந்தும் துளிர் வெளிறும். அதேபோல, தொட்டியின் விளிம்பிலும் கரித்துண்டுகளின் மீதும் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலை நுனிகள் பழுப்பாகக் கருகியிருந்தால், அது பசியன்று, உப்புத் தேக்கம். அங்கே மேலும் உரமிடுவது கேட்டை வளர்க்கும்; சேமித்த மழைநீரைத் தொட்டி வழியே பலமுறை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுவதே மருந்தாகும்.

அடுத்து, எல்லை வகுத்த புள்ளிகள். வெயிலை நோக்கிய மேற்பரப்பில் மட்டும் தோன்றி, முதலில் வெளுத்துப் பின் பழுப்பாகிக் காய்ந்து, மேலும் வளராமல் நிற்கும் திட்டு வெயில் சுட்ட தழும்பே. நிழலைக் கூட்டினால் போதும். செர்கோஸ்போரா என்னும் பூஞ்சை இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் புள்ளியாகத் தொடங்கி, நாளடைவில் கருஞ்சிவப்பாகி உட்குழியும் என்பதால், இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்க்கு அது தாமதமாகவே தெரியவரும். ஃபில்லோஸ்டிக்டா என்னும் பூஞ்சை உண்டாக்கும் சிறு கரும்புள்ளிகளின் மீது விரலை ஓட்டினால் உப்புத்தாளைத் தடவுவது போன்ற சொரசொரப்பு தென்படும். ஆந்த்ரக்னோஸ் நோயில், பெரும்பாலும் நுனியிலிருந்து தொடங்கும் பழுப்புப் பகுதியில் வளையம் வளையமாகக் கோடுகளும், அவற்றின் மீது ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகளும் காணப்படும்.

பூஞ்சைப் புள்ளி பொதுவாக மெல்ல வளரக்கூடியது. பாக்டீரியாவோ வளர்ப்போருக்கு அவகாசம் தருவதில்லை. வெந்நீர் பட்ட தோலைப் போல நீர்கோத்த திட்டாகத் தோன்றி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டி, ஓரிரு நாளிலேயே பெரிதாகி நீர் கசியும் புள்ளி பாக்டீரியாவின் அடையாளம். இலை கூழாகி துர்நாற்றம் வீசினால் அது மென்னழுகல். வைரஸ் தாக்கிய இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் தேமலோ கரிய வளையங்களோ கோடுகளோ தோன்றலாம், சில செடிகளில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். சிம்பிடியம் மொசைக், ஒடான்டோகிளாசம் வளையப்புள்ளி எனப்படும் இரண்டு வைரஸ்களே ஆர்க்கிட்டில் பரவலாகக் காணப்படுபவை. சோதனைக்கூடத்தில் மட்டுமே உறுதிசெய்யக்கூடிய இவற்றுக்கு மருந்து இல்லை. கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியே இவை பரவுவதால், ஒவ்வொரு செடியையும் வெட்டுவதற்கு முன் கத்தியைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்வது தவறாமல் பின்பற்ற வேண்டிய ஒழுக்கமாகும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல நுண்புள்ளிகளால் நிறைந்திருந்தால் அங்கே சிலந்திப்பேனைத் தேட வேண்டும்.

காரணம் தெரிந்தபின் மருத்துவம் எளிது. பாக்டீரியா தாக்கிய பகுதியை, நலமான பகுதியில் ஒரு விரற்கடை உள்ளே தள்ளிச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்கி, செடியைக் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்து, இலை நனையாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாமிர மருந்துகள் பாக்டீரியாவையும் பல பூஞ்சைகளையும் கட்டுப்படுத்துபவை என்றாலும், டென்ட்ரோபியத்தையும் பூத்திருக்கும் செடிகளையும் கருக்கிவிடக் கூடியவை என்பதை மறக்கலாகாது. உரத்தைப் பொறுத்தவரை, 20:20:20 போன்ற நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராமுக்கு மிகாமல் கரைத்து, வேர் நனைந்திருக்கும்போது வாரம் ஒருமுறை கொடுப்பது, மாதம் ஒருமுறை மிகுதியாகக் கொடுப்பதைவிடச் செடியின் இயல்புக்கு ஒத்தது. மெக்னீசியம் குறைந்தால் எப்சம் உப்பை லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில் மாதம் ஒருமுறை தரலாம்; கால்சியம் நைட்ரேட்டை மட்டும் மற்ற உரங்களின் அடர்கரைசலோடு கலக்காமல் தனியே தர வேண்டும், ஏனெனில் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தால் அது வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும்.

கருகிய திசு மீண்டும் பச்சையாவதில்லை. ஆகவே பழைய புள்ளி மறையவில்லை என்று மருந்தை மாற்றி மாற்றித் தெளிப்பதில் பொருளில்லை. புள்ளி கோட்டைத் தாண்டவில்லை என்பதும், அடுத்து வரும் இலை குறையின்றி விரிகிறது என்பதுமே செடி தேறியதற்குச் சான்று. நன்கு வளரும் ஃபெலனாப்சிஸ்கூட ஆண்டுக்கு இரண்டு மூன்று இலைகளையே விடும். அந்த இலை வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் கையில்தான் ஆர்க்கிட் பிழைத்துப் பூக்கிறது.